பினாங்கில் ஒரு நாள் சும்மா இருந்த கதை

ஆர்ப்பாட்டத் தொழிலுக்கு முதலீடு இரண்டே இரண்டுதான்: ஒரு தொண்டை, உட்காருவதற்கு ஒரு சாலை. இந்த இரண்டையும் வைத்து நாற்பது வருடம் ஓட்டியவன் நான். உத்திரமேரூர்க்காரன். சபையில் யார் உறுப்பினர் ஆகலாம், யார் ஆகக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். அந்த ஊரில் எனக்கு ஒரு வார்டுகூடக் கிடைக்கவில்லை. நான் ஒட்டிய சுவரொட்டியில் படமாக இருந்தவர்கள் இன்று காரில் போகிறார்கள். போகட்டும். குடை நிழலில் நின்ற தலைவருக்காக வெயிலில் நின்று கோஷம் போட்ட தோழர்களுக்கு இது புரியும். அந்தத் தோழர்களைக் கட்டிக்கொண்டு லாக்கப்புக்குச் சோறு சுமந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

நிபந்தனை

என் மகள் மலர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஆறு மாதப் பயிற்சிக்கு மலேசியாவில் பினாங்குக்கு அனுப்பினார்கள். போனவள் எனக்கும் அவள் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்து வரவழைத்தாள். அவளுக்கு லீவு இல்லாத ஒரு நாளில் எங்களைச் சுற்றுலா வேனில் ஏற்றிவிட்டாள். பள்ளிவாசல், பசார், புத்தர் கோயில், கடைசியில் மலை மேல் முருகன் கோயில் என்று திட்டம். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. எட்டணா துண்டுப் பிரசுரம் படித்து அந்தப் பழக்கத்தை விட்டவன். என் மனைவி பச்சையம்மா எந்தப் பிரசுரமும் படிக்காதவள். முருகன் கோயிலுக்காகத்தான் அவள் விமானமே ஏறினாள்.

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து கிளம்பியதுண்டு, சேர்ந்து திரும்பியதில்லை. புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனால், பஸ் நிலையத்தில் கட்டண உயர்வைக் கண்டித்து யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துவிட்டு எப்படிப் போவது, நானும் உட்கார்ந்துவிடுவேன். வாலாஜாபாத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் அன்றைக்கென்று ரயில் மறியல். நான் போலீஸ் வேனில், அவள் பஸ்ஸில். அன்று காலை சுற்றுலா வேனின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பச்சையம்மா திரும்பி என்னிடம் சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நாளு யாரையும் கேள்வி கேக்காத, எங்கியும் குந்தாத. ஒண்ணா கெளம்பி ஒண்ணா வூட்டுக்குத் திரும்பணும். நாப்பது வருசத்துக்கு அந்த ஒண்ணுதான் கேக்கறேன்."

வேட்டி

முதலில் நிறுத்தியது ஒரு பெரிய பள்ளிவாசலில். வாசலில் நின்ற பெரியவர் நம் பக்கத்து மனிதர்தான். தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பம். என்னைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து முழங்காலில் பார்வையை நிறுத்தினார். நான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். "கால் தெரியக் கூடாதுண்ணே, இறக்கி விட்டுக்கிடுங்க" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. நிலக்காரர் எதிரே வந்தால் கூலிக்காரன் மடித்த வேட்டியை இறக்கிவிட வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. பதினெட்டு வயதில் இறக்க மாட்டேன் என்றேன்; அதற்கு வாங்கிய அடியின் தழும்பு இடது முழங்காலில் இருக்கிறது. அதற்குப் பிறகு கலெக்டர் அலுவலகத்திலும் இறக்கியதில்லை, என் கல்யாணத்திலும் இறக்கியதில்லை.

இதை அவருக்கு விளக்கினேன். வரலாற்றுப் பின்னணி, பொருளாதாரக் காரணம், தீர்வு என்று மூன்று பகுதியாக. கால் மணி நேரம் ஆகியிருக்கும். பச்சையம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எப்போதோ உள்ளே போய்விட்டாள். பெரியவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. என் சொந்தச் சங்கத்தில்கூட என்னை அவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை. முடித்ததும் கொக்கியிலிருந்து தரையைத் தொடும் நீளத்தில் ஒரு பச்சை அங்கியை எடுத்து என் தலைவழியாக மாட்டிவிட்டுச் சொன்னார்: "நீங்க இறக்கவே வேணாம்ணே. இதைப் போட்டு மூடிக்கிடுங்க, உள்ளுக்குள்ள மடிச்சது மடிச்சபடியே இருக்கட்டும்."

பேரம்

அடுத்தது பசார், அதாவது அந்த ஊர்ச் சந்தை. தரையெல்லாம் ஈரம். மீன், இஞ்சி, பெயர் தெரியாத கீரை, முள் முளைத்த பழம். பச்சையம்மா ஒரு சீனத்து அம்மாவின் கடையில் நெத்திலிக் கருவாட்டுக் கூடைக்கு முன்னால் குந்திவிட்டாள். இவளுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழைத் தவிர எல்லாம் தெரியும். ஆனாலும் இருவரும் விரலைக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, கருவாட்டை முகர்ந்து, முகத்தைத் திருப்பி அருமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதியில் பச்சையம்மா எழுந்து நாலு அடி போய்த் திரும்பியும் வந்தாள். அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சிறு வியாபாரியிடம் பேரம் பேசுவது சுரண்டல் என்று நானே துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்கக் கூடாது என்பதுதானே நிபந்தனை. கேட்காமலே பணத்தை எடுத்து அந்த அம்மா முதலில் சொன்ன விலையை அப்படியே கூடையில் வைத்தேன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சீனத்து அம்மா பணத்தைத் தொடவில்லை. எங்கள் டிரைவர் சுகு, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், பின்னால் நின்றிருந்தான். அவனைக் கூப்பிட்டு என்னைக் காட்டி ஏதோ கவலையாக விசாரித்தாள். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் அந்த ஊர்த் தமிழில் அவன் என்னிடம் சொன்னான்: "அங்கிள், அவங்க கேக்குறாங்க லா, உங்களுக்கு உடம்பு சரியில்லையான்னு."

படுத்திருந்தவர்

புத்தரைப் பிரசுரங்களில் எனக்குத் தெரியும். எங்கள் ஆள் என்றே வைத்திருந்தேன். அரண்மனையை விட்டு நடந்தவர், ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், யாருக்கும் பயப்படாதவர். அந்த மரியாதையில் பச்சையம்மாவுக்கு முன்னால் நானே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அங்கே அவர் கையைத் தலைக்கு வைத்து ஒரு தெரு நீளத்துக்குப் படுத்திருந்தார். உடம்பெல்லாம் தங்கப் பூச்சு. காலடியில் நான்கு நாட்டு ஜனம் மாலையோடு நிற்கிறது.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நின்று பேசிக்கொண்டிருந்தவரை இப்படிப் படுக்க வைத்தது யார், இதில் யாருடைய நலன் அடங்கியிருக்கிறது என்று சுகுவிடம் மெல்ல ஆரம்பித்தேன். பச்சையம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பாரு, இவரு படுத்துக்கினே எம்மாங் கூட்டம் சேத்துகீறாரு. நீ நாப்பது வருசம் நின்னுக்கினு கத்தி, நாலு பேரு."

தோள்

மத்தியானம் வேன் ஒரு தெருமுனையில் நின்றுவிட்டது. எதிரே ஊர்வலம். வெள்ளை உடை, மஞ்சள் கொடி, மேளம், நூற்றுக்கணக்கில் சீனர்கள். ஏதோ தொழிற்சங்கம் என்றுதான் நினைத்தேன். காற்று வாங்குவதற்காக மட்டும் இறங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் ஊர்வலம் என்றால் நான் முதலில் வரிசையைத்தான் பார்ப்பேன். நடுவில் ஓரிடத்தில் வரிசை உடைந்து ஆட்கள் சிதறியிருந்தார்கள். உடைந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்க என்னால் முடியாது. உள்ளே போய் இரண்டு கைகளையும் நீட்டி, "ரெண்டு ரெண்டு பேரா வாங்க, இடைவெளி விடாதீங்க" என்றேன். வந்தார்கள்! எங்கள் ஊரில் தமிழில் சொன்னால் ஒருவனும் வரமாட்டான். வரிசை சரியானதும் பின்னாலிருந்து ஒரு மூங்கில் வந்து என் தோளில் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பல்லக்கு. உள்ளே செக்கச் சிவந்த முகத்தோடு ஒரு சாமி.

தோழர்களே, எங்கள் ஊரில் சாமி பல்லக்கைத் தூக்க எங்கள் தெரு ஆட்களுக்கும் உரிமை வேண்டும் என்று பல வருடம் போராடினேன். சாமி இல்லை என்பது என் கொள்கை. இல்லாத சாமியைத் தூக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதும் என் கொள்கை. தாசில்தார் ஆபீசில் சமாதானக் கூட்டமாக நடத்தித் தள்ளினார்கள். பல்லக்கு கிடைக்கவில்லை, டீ கிடைத்தது. இங்கே எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஆடி ஆடி நடந்தேன். ஒரு மணி நேரம் தேடி, பல தெரு தள்ளி சுகு என்னைப் பிடித்தபோது, முன்னால் தூக்கிய சீன வாலிபன் அவனிடம் ஏதோ சொன்னான். சுகு அதைத் தமிழில் தந்தான்: "தோள் உயரம் சரியா இருக்காம் அங்கிள். நாளைக்கும் வரச் சொல்றாரு."

சக்கரத்துக்கு முன்னால்

மலையடிவாரத்துக்கு வரும்போது நேரம் போயிருந்தது. சுகு வேனை நிறுத்தாமலே, "டைம் இல்ல லா. மேல ஏறி இறங்கினா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், மத்தவங்களை ஓட்டல்ல விடணும். இங்கிருந்தே கும்பிட்டுக்குங்க" என்றான். வேனில் இருந்த மற்ற நான்கு பேரும் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். பச்சையம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன் சக்கரத்துக்கு நேராக ரோட்டில் குந்தினாள். கோஷம் இல்லை, கொடி இல்லை. குந்தினதோடு சரி. அப்படி ஒரு குந்தலை நான் எந்த மறியலிலும் பார்த்ததில்லை.

"அங்கிள், நீங்கதான் பேசணும்" என்று சுகு என்னை இறக்கிவிட்டான். அவள் முன்னால் போய் நின்றேன். என் வாயிலிருந்து வந்தது என் குரலே இல்லை. எங்கள் பழைய தாசில்தாருடைய குரல். "உன் கோரிக்கை நியாயமானது. ஆனா பொதுமக்களுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது. அடுத்த வாரம் மலரோட வந்து பாக்க ஆவன செய்யறேன்" என்றேன். "எயுதிக் குடு" என்றாள். சுற்றுலாத் திட்டத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "இந்த மாதிரி காய்தம் நம்ம வூட்டுப் பரண்ல ஒரு மூட்டை கீது. ஒண்ணாச்சும் நடந்துச்சா?" அடுத்த கட்டம் குண்டுக்கட்டாகத் தூக்கி அப்புறப்படுத்துவது. அதற்கு எங்கள் ஊரில் ஆறு போலீஸ் வருவார்கள். இங்கே நான் ஒருவன், அதுவும் பல்லக்கு தூக்கிய தோள்.

சுகு நல்ல பிள்ளை. வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி நிறுத்தி, பஸ் எங்கே நிற்கும் என்று காட்டிவிட்டு, "யார் யார் வர்றீங்க?" என்று கேட்டான். பச்சையம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நீ வேன்ல போய்யா. தனியா பஸ்ல வர்றது எனக்கு இன்னா புதுசா?"

படி

வேன் போய்விட்டது. நான் போகவில்லை. ரோட்டிலிருந்து அவளை எழுப்பக் கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டு எழுந்தாள். படிகளை எண்ணவில்லை, எண்ணியிருந்தால் கோரிக்கையைத் திருத்தச் சொல்லியிருப்பேன். நூறு படிக்கு ஒரு தடவை நான் குந்தினேன், "குந்தாதன்னு சொன்னேனே" என்று அவள் கிளப்பிவிட்டாள். உச்சியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன், கும்பிடவில்லை. அவளும் கும்பிடச் சொல்லவில்லை. கீழே கடல், கப்பல், ஊர் எல்லாம் தெரிந்தது. கேள்வி கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூச்சு வாங்கியதும் ஒரு காரணம்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. வெளிச்சம் இருக்கும்போதே மலர் போன் செய்துவிட்டாள். ரோட்டில் மறியல் நடந்ததையும் நாங்கள் வேனில் திரும்பாததையும் சுகு சொல்லியிருக்கிறான்; குந்தியது யார் என்று மட்டும் சொல்லவில்லை. "நைனா, எந்த போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கீங்க? அம்மா எங்க?" என்று கத்தினாள். நான் விளக்கத் தொடங்கினேன்: வரலாற்றுப் பின்னணியிலிருந்து. பச்சையம்மா போனைப் பிடுங்கிச் சொன்னாள்: "ஸ்டேசனும் இல்ல, ஒண்ணும் இல்லடி. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்துக்கினு கீறோம். நம்பலைன்னா வந்து ஸ்டாப்பாண்ட நின்னு பாரு."

நாற்பது வருடத்தில் நான் பார்த்த போராட்டங்களிலேயே, கோரிக்கை அன்றைக்கே முழுதாக நிறைவேறியது இது ஒன்றுதான். அதில் நான் அரசுத் தரப்பு.