வெயிலில் இரண்டு சட்டை

போன வாரம் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பாமசியில் அம்மாவின் முழங்காலுக்கு இழுபடும் பண்டேஜ் ஒன்று கேட்டேன். அங்கே நின்ற பிள்ளை உறையைப் பிரித்து ஒரு முழம் இழுத்துக் காட்டினாள். "நல்லா இறுக்கிக் கட்டலாம் அண்ணே." புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் விலா எலும்புகள் தாமாகவே ஒடுங்கிக்கொண்டன. வெளியே தார் உருகும் வெயில். முழங்காலை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண் பிள்ளை என்று சொல்லப்பட்டுப் பிறந்தவன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இவ்வளவு வயது தேவைப்பட்டது. நீங்கள் ஒரு நொடியில் வாசித்துவிட்டீர்கள். லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், அதுதான் தொல்லை. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, யாருக்கும் என்னைத் தெரியாத பதுளையில் ஒரு புடவைக் கடையில் ஆம்பிளைப் பிள்ளையாகவே வேலைக்குச் சேர்ந்தேன்.

நெஞ்சை மறைக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. பண்டேஜைச் சுற்றி, மூச்சைப் பிடித்து, சட்டை ஊசி குத்திக்கொள்வது. அது வீங்கிய மூட்டுக்குச் செய்த சாமான், மூச்சு விடுகிற நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லித்தர யார் இருந்தார்கள்? நேரம் போகப்போக அது இன்னும் இறுகும். அதற்கு மேல் பனியன், அதற்கு மேல் சட்டை, அதுவும் போதாதென்று இன்னொரு சட்டை.

தோட்டத்துக் குளிரில் இதைச் சமாளிக்கலாம். பதுளையோ மலைகளுக்கு நடுவே சட்டிக்குள் கிடக்கிற ஊர். மற்றப் பையன்கள் சாமான் இறக்கும்போது வெறும் பனியனோடு நிற்பார்கள். எனக்கு வயிறெரியும்.

"என்ன தம்பி, இந்த வெயில்ல ரெண்டு சட்ட?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார்.

"சளிங்க முதலாளி."

அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் அடிக்கத் தோன்றுகிறது. முதலாளி இரக்கமுள்ள மனிதர். "தம்பிக்குச் சளி, அந்த ஃபேன ஓஃப் பண்ணுங்க" என்று என் தலைக்கு மேல் சுழன்ற ஒரேயொரு சுகத்தையும் நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்து கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து, நான் சுடச்சுடக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். உள்ளே கொத்தமல்லி கொதிக்கும், வெளியே நான் கொதிப்பேன். வேர்க்குருவுக்குப் போட்ட பவுடர் வேர்வையில் குழைந்து ரொட்டி மாவாகி பண்டேஜுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். கழிவறைக்குள் போய் ஊசியைக் கழற்றி நாலு மூச்சு விட்டு வந்தால், "சளியோட வயித்துப்போக்குமா?" என்று பையன்கள் சிரிப்பார்கள்.

சித்திரை வருஷப்பிறப்பு வியாபாரம் சூடாக நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். மேல்மாடியில் தகரக் கூரைக்குக் கீழே துணிக்கட்டு ஒன்றைத் தூக்கினேன். கண் இருட்டியது. அவ்வளவுதான் தெரியும்.

பிறகு நடந்ததைக் கேட்டுத்தான் அறிந்தேன். பையன்கள் என் சட்டையைக் கழற்ற வந்திருக்கிறார்கள். கடையில் தையல் மெஷினோடு இருந்த முஸ்லிம் அம்மா ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா, குறுக்கே புகுந்து "தள்ளுங்க, காத்து வரட்டும். தண்ணி கொண்டு வாங்க" என்று அவர்களை விரட்டியிருக்கிறார். அளவெடுத்துப் பழகிய கண். என்னை எப்போதோ அளந்திருக்கவேண்டும்.

விழித்தபோது சட்டைப் பொத்தான்கள் கழுத்துவரை ஒழுங்காகப் பூட்டியிருந்தன. பண்டேஜ் இரண்டு துண்டாகப் பக்கத்தில் கிடந்தது. நன்றியா வந்தது? இல்லை, ஆத்திரம்தான் வந்தது. இனி எப்படி நான் மாடியைவிட்டு இறங்குவேன்?

"ஏன் ராத்தா வெட்டினீங்க?"

"மூச்சு முக்கியமா, இது முக்கியமா?"

"ரெண்டுந்தான் ராத்தா."

அவர் தன் தோளில் கிடந்த பெரிய துண்டை எடுத்து என்மேல் போர்த்தினார்.

"காய்ச்சல்னு சொல்றன். போய்ப் படுங்க தம்பி. நான் யாருக்கும் ஒண்டும் சொல்ல மாட்டன்."

தம்பி என்றார். எல்லாம் பார்த்த பிறகும் தம்பிதான்.

அடுத்த வாரம் மெல்லிய பருத்தியில், முன்பக்கம் மட்டும் இரட்டைத் துணி வைத்து, பக்கத்தில் கொக்கி போட்ட கையில்லாத பனியன் ஒன்று தைத்துத் தந்தார். முதல் பனியன் தொளதொள. இரண்டாவது அக்குளை அறுத்தது. மூன்றாவதில்தான் குனிந்து நிமிர முடிந்தது. "வீட்டுக்குப் போனோன கழட்டிருங்க, படுக்கும்போது போடவே கூடாது" என்று கட்டளை வேறு. வெயில் அதிலும் வெயில்தான், பொய் சொல்ல மாட்டேன். முதலாளியிடம் என் சளி நின்றுவிட்டது என்று சொல்லியும், என் தலைக்கு மேல் உள்ள ஃபேனைப் போட அவருக்கு மனம் வரவேயில்லை.

இப்போது இதற்கென்றே தைத்த உடுப்பு கொழும்பிலிருந்து தபாலில் வருகிறது. மாட்டினால் மூச்சு விடலாம். ஆனால் வெயில் அன்றைவிடக் கடுமை, இன்னும் மத்தியானத்தில் எரிச்சலோடுதான் நடக்கிறேன்.

பாமசியிலிருந்து திரும்பும் வழியில் கடையிருந்த இடத்தைப் பார்த்தேன். இடித்துக் கட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, கைத்தொலைபேசி விற்கிறார்கள். முதலாளி காலமாகிவிட்டார். ராத்தா மகளோடு போய்விட்டார். எந்த ஊர் என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். ஏசி குளுகுளுவென்று அடித்தது. எனக்கு வந்தது கோபம். இத்தனை குளிர், இவ்வளவு தாமதமாக. விற்பனைப் பையன் மரியாதையாக என்ன வேண்டும் என்று கேட்டான். அந்தத் தெருவில் என்னை முழுசாகத் தெரிந்த ஒருத்தரும் இப்போது இல்லை.