சோலூர் சுண்ணாம்புக்குள் ஒளிந்திருந்த செர்ட் கல்

இவ்வளவு நேரம் கழித்துப் பதிவிடுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். அவள் பாதத்தை மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கீறல் எதுவும் இல்லை.

சனிக்கிழமையான இன்று மகளும் நானும் சோலூர் போயிருந்தோம். வெலிங்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த செல்வி அக்காவுக்கு அங்கே அரை ஏக்கர் தேயிலை. இலை விலை விழுந்து கிடப்பதால் செடிகளை வெட்டிக் கவ்வாத்து செய்துவிட்டார்கள். நன்றாகத் துளிர்க்க வேண்டுமென்றால் மழை வருமுன் சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்க வேண்டும். தூள் வாங்கக் கட்டுப்படியாகாமல், சுண்ணாம்புக் கல்லாக இறக்கி வீட்டிலேயே உடைக்கிறார்கள். சில கட்டிகள் உடையவே மாட்டேன் என்கின்றன. நான் ஜியாலஜி படித்தவள் என்பதால் அழைப்பு.

காலை 7.40க்கு பஸ், ஊட்டியில் மாறி 10.15க்கு சோலூர். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ, 120 ரூபாய்.

"கொழந்தையோட எங்கீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"கல்லு பார்க்க."

"ஏனுங்க, இங்க வர்றவங்க பூவத்தானுங்க பாப்பாங்க!"

அக்காவின் கணவர் சம்மட்டியோடு நின்றார். "மூணு நாளா அடிக்கறாரு கண்ணு. பிடிதான் ஒடஞ்சுது," என்றார் அக்கா.

ஒரு கட்டியில் வினிகர் விட்டேன். நுரைத்தது. "சுண்ணாம்பேதான், அடிங்கண்ணா," என்றேன். அடித்தார். கண்ணாடிச் சில்லு போல ஒன்று தெறித்து என் மகளின் காலருகே விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

நுரைத்தது மேலே படிந்திருந்த சுண்ணாம்புத் தூசி! கழுவி விட்டதும் நுரை இல்லை. கவ்வாத்துக் கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழவில்லை. கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறத்தில் கல்லில் ஒட்டியது. உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் போல வழவழவென்று வளைந்திருந்தது. செர்ட். சிக்கிமுக்கிக் கல்லின் இனம். பழைய கடலடியில், சுண்ணாம்புப் பாறைக்குள்ளேயே கட்டிகட்டியாக உருவாவது. மண்ணில் கரையாது, புளிப்பையும் மாற்றாது.

பிரித்துப் பார்த்தோம். பாதிக் குவியல் செர்ட்.

"செரி உடுங்க அம்மிணி, வரப்புக்கு ஆச்சு," என்றார் அண்ணன். அக்கா வெட்டிய செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கழுவுங்கள், பிறகு சோதியுங்கள். உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், குழந்தையைத் தூர உட்கார வையுங்கள்.

பாதிக் கல் வீணானதால் அக்காவுக்கு இன்னும் ஐந்து மூட்டை சுண்ணாம்புத் தூள் வேண்டும். ஊட்டிப் பக்கம் யாரிடமாவது மீதி இருக்கிறதா? மழை வருவதற்குள் போட வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.