தஸ்தகீர் பாய் வூட்டுக் கல்யாணத்தில் போட்ட பாட்டு

ஞாயிறு காலை அறுந்துபோன மைக் ஒயரை அப்பா பிடித்துக்கொண்டார், சந்தியா சால்டரிங் வைத்தாள். "ஓசூர் கம்பெனில போர்டு டெஸ்ட் பண்றவ, கை இந்த ஆட்டம் ஆடுது" என்று சிரித்தார். செவ்வாய் அவருக்கு நெஞ்சுவலி. புதன்கிழமை எடுத்தார்கள்.

அப்பா கொளஞ்சியப்பன் கள்ளக்குறிச்சியில் முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். எந்தச் சாமிக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்குள் இருந்த பிரிவுதான் அவருக்குப் பிடிபடவில்லை. மலைமேல் கரியாலூரில், மாதாவை வணங்காத பெந்தெகொஸ்தேக்காரர்களின் ஜெபக்கூட்டத்தில் மாதா பாட்டைப் போட்டுவிட்டார். பாஸ்டர் ஓடிவந்து நிறுத்தினார்.

"ஏசுவோட அம்மா பாட்டு ஏசு கூட்டத்துல ஆவாதுன்னா இன்னாங்க நாயம்?"

மலையே சிரித்தது.

அடுத்த தப்புக்கு யாரும் சிரிக்கவில்லை. போன வருஷம் தஸ்தகீர் பாய் மகள் ஷாஜியாவுக்குக் கல்யாணம். தஸ்தகீர் தவ்ஹீத் பக்கம் போனவர். தர்காவுக்குப் போவது, அங்கே நடக்கும் கந்தூரி விழா எதுவும் அவர்களுக்கு ஆகாது. பயான் பேச்சுக்கு மைக் மட்டும் போதும், பாட்டு வேண்டாம் என்றிருந்தார். அவர் அண்ணன் ரவூப் வருஷம் தவறாமல் நாகூர் தர்காவுக்குப் போகிறவர். பந்தல் வெறிச்சென்று இருக்கிறதே என்று அப்பா தானாகவே ஒரு நாகூர் பாட்டைப் போட்டார். சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். தஸ்தகீர் நேரே அண்ணனிடம் போனார்.

"நீதான போடச் சொன்ன? என் வூட்டு விசேஷத்துலயே என்னை அசிங்கப்படுத்திட்ட."

"நான் ஏன்டா சொல்றேன்? அப்டியே போட்டாலும் இன்னாடா தப்பு?"

அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அப்பா ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் நின்றபடி வாயே திறக்கவில்லை.

"நாந்தான் போட்டேன்னு போய்ச் சொல்லிடணும்மா" என்று சந்தியாவிடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"போங்கப்பா."

"பக்ரீத் போவட்டும்."

பக்ரீத் போனது. ஆடித் திருவிழாக்களும் போயின.

அப்பாவின் சாவுக்கு அண்ணன் தம்பி இருவரும் வந்தார்கள். ஒருவர் வாசலில், ஒருவர் தெருமுனையில். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியாடி, பாய்ங்கல்லாம் இன்னா ஒத்துமையா வந்துக்கினாங்க."

அதன் பிறகு சந்தியாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஐந்தாம் நாள் வண்டியை எடுத்தாள். தஸ்தகீரின் பெயிண்ட் கடை.

"வாம்மா, ஒக்காரு."

உட்காரவில்லை. "அந்தப் பாட்ட ரவூப் மாமா போடச் சொல்லல. அப்பாவா போட்டதுங்க. உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தாரு."

தஸ்தகீர் கணக்கு நோட்டை மூடினார்.

"கொளஞ்சி வந்து சொல்லியிருந்தா நல்லா திட்டியிருப்பேன். இப்ப யாரைம்மா திட்றது? அண்ணன் இந்நேரம் வூட்லதான் இருப்பாரு" என்றவர், மேசைக்கடியில் காலால் செருப்பைத் துழாவினார்.