மன்றத்துக் கடிகாரத்தின் ஏழு நிமிஷம்

பெல்லுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. நகர்மன்றத்தில் கூட்டம் தொடங்குவதற்கு மணி அடிக்கிறவர் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் பெல். சின்னவர்களுக்குப் பெல் அண்ணன். கோபம் வந்தால் மட்டும் அவர் மனைவி, "பெல்லு பெரிய பெல்லு, வீட்டுல ஒரு சத்தத்தையும் காணோம்" என்பாள்.

மன்றத்தில் அவருக்கு மூன்று வேலை. மாதம் ஒரு தரம் கூட்டம் நடக்கும். அன்றைக்குச் சரியாகப் பதினொரு மணிக்குக் கைமணியை அடித்துவிட்டு அரங்கத்தின் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால் சாத்தினதுதான், வாக்கெடுப்பு முடிகிற வரைக்கும் யாருக்கும் திறக்கக்கூடாது. அரங்கத்துச் சுவரில் இருக்கிற பழைய கடிகாரத்துக்குத் திங்கள்கிழமை தோறும் சாவி கொடுக்க வேண்டும். தலைவர் அறையைத் துடைத்து வைக்க வேண்டும். இதைத் தவிர நாலாவதாக ஒரு வேலையை அவரே வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை.

புதிதாக ஒரு ஆள் தலைவராகி, மாலையும் கைதட்டலும் முடிந்து, எல்லோரும் வெளியே போன பிறகு அந்த நாற்காலியில் முதல்முதலாகத் தனியாக உட்காருகிறாரே, அப்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் அந்த வேலை. மேஜையில் தண்ணீர் வைக்கிற சாக்கில் பெல் அங்கேயே தங்கிவிடுவார். முதல் தலைவர் கைக்குட்டையை எடுத்து, ஏற்கெனவே பெல் துடைத்த மேஜையை இன்னொரு தரம் துடைத்தார். இரண்டாமவர் யாரும் இல்லையென்று நினைத்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். மூன்றாமவர் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். ஒருவர் எல்லா இழுப்பறையையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். முன்னால் இருந்தவர் என்ன விட்டுப் போனார் என்று தேடியிருப்பார், பாவம், இரண்டு குண்டூசிதான் கிடைத்தது. ஒருவர் ஒரு வாரம் முழுக்க நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆள் எப்படிப்பட்டவர், எத்தனை நாள் தாங்குவார் என்பது அந்த முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும் என்பது பெல்லின் கணக்கு. கணக்குப் பாதி நேரம் தப்பும். அதனால்தான் அவருக்கு ஆர்வம் குறையவில்லை.

எட்டாவதாக வந்தவர் மருந்துக்கடைக்காரம்மா. வெடுக்கென்று பேசுகிறவர், ஆனால் யார் கேட்டாலும் காது கொடுப்பார். அவர் உட்கார்ந்ததும் மேஜையைத் துடைக்கவில்லை, இழுப்பறையைத் திறக்கவில்லை. நிமிர்ந்து, திறந்திருந்த கதவு வழியே அரங்கத்துச் சுவரைப் பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கடிகாரம் சரியா?"

பெல்லுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு தலைவர்களில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி. கை தானாகத் தண்ணீர் டம்ளரை வைத்தது, வாய் தானாகச் சொன்னது.

"சரிதாம்மா."

சரி இல்லை. அந்தக் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் ஓட வைத்தவரே பெல்தான்.

மூன்றாம் தலைவர் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பஸ் பதினொன்று ஐந்துக்கு வரும். மாதா மாதம் தலைவரே தாமதம் என்று உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். மன்றத்து விதியில் ‘அரங்கத்துக் கடிகாரமே நேரம்’ என்று அச்சிலேயே இருந்தது. "என்னமோ பார்த்துச் செய்யேன்" என்றார் தலைவர். அப்போது பெல்லுக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. ஸ்டூலில் ஏறி முள்ளை ஏழு நிமிஷம் பின்னால் தள்ளினார். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துபோன காரியம். அந்தத் தலைவர் போய்விட்டார், பஸ் நேரமும் மாறிவிட்டது. முள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்குச் சரி செய்யலாம், நாளைக்குச் சரி செய்யலாம் என்று இருபது வருஷம் ஓடியது.

ஊரும் அதற்குப் பழகிவிட்டது. மன்றத்தில் பதினொன்று என்றால் வெளியே பதினொன்று ஏழு என்பது எல்லா உறுப்பினருக்கும் தெரியும். துணைத்தலைவரான செங்கல்சூளைக்காரர் ஒருபடி மேலே போய்த் தன் கைக்கடிகாரத்தையே மன்றத்து நேரத்துக்கு வைத்துக்கொண்டார். கேட்டால், "நமக்கு மன்றத்து நேரம்தான் நேரம்" என்று பெருமையாக மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவார்.

பெல்லுக்கு மட்டும் அந்த ‘சரிதாம்மா’ நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகத் தலைவர் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போதெல்லாம் அந்தம்மாவின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பார். சுவர்ப் பக்கம் திரும்பினால் டம்ளரை வைத்துவிட்டு நழுவிவிடுவார். மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"போய் ஸ்டூல்ல ஏறித் திருப்பி வச்சா ஆச்சு. இதுக்கா ரெண்டு வருஷமா தூங்காம பொரண்டீங்க?"

"திருப்பினா, முதல்ல தள்ளி வச்சதும் நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமேடி."

"அப்ப பொரளுங்க."

இதற்குள் மன்றத்தில் காற்று மாறியது. சூளைக்குப் போகிற ரோட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்து ரோட்டை முதலில் போட்டுவிட்டார் மருந்துக்கடைக்காரம்மா. சூளைக்காரர் அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். பதினைந்து உறுப்பினரில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. மாலை எத்தனை முழம் வேண்டும் என்று அளவு சொல்கிற வரைக்கும் போய்விட்டார்கள் சூளைக்காரர் வீட்டில்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத அரங்கத்தில் பெல் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. அந்தம்மாவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். தான் சொன்னது பொய்யாகவே இருக்க, இந்த அம்மா வீட்டுக்குப் போகப் போகிறார் என்று தோன்றியதும் பெல்லுக்கு மனசு பொறுக்கவில்லை. போகிற அன்றைக்காவது நாம் சொன்னது நிஜமாக இருக்கட்டுமே! ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏறினார். முள்ளை ஏழு நிமிஷம் முன்னால் தள்ளினார். இறங்கும்போது உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

அதனால் என்ன ஆகும் என்று அந்த மனுஷர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு, அதன் தப்பை நம்பி ஒரு ஊரே நடக்கிறது என்பது மறந்துபோயிற்று.

சூளைக்காரர் தன் ஆட்களை நழுவவிடக்கூடாதென்று இரண்டு தெரு தள்ளி மச்சான் வீட்டில் ஒன்றாக உட்கார வைத்திருந்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவர்களைக் கிளப்பினார். தோற்கப் போகிற பயத்தில் மருந்துக்கடைக்காரம்மாவும் அவர் பக்கத்து ஆறு பேரும் பத்தரைக்கே அரங்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடிகாரத்தில் பதினொன்று. பெல் மணியை அடித்தார். எதிர்வரிசை காலி. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. விதி விதிதானே, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

சூளைக்காரரும் ஏழு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு படியேறியபோது அவர் கையில் மணி பத்து ஐம்பத்தேழு. உள்ளே தீர்மானம் விழுந்துவிட்டிருந்தது. கொண்டுவந்தவர் அரங்கத்தில் இல்லையென்றால் தீர்மானம் தள்ளுபடி. ஒரு வருஷத்துக்கு அதை மறுபடி கொண்டுவர முடியாது.

கதவு திறந்ததும் சூளைக்காரர் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு வந்தார். "இருபது வருஷமா லேட்டா ஓடுன சனியன் இன்னைக்கு மட்டும் எப்படிய்யா சரியா ஓடுது? யாருக்காகத் திருப்புன?"

மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று மன்றத்து மேனேஜர் ஓலை நீட்டினார். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை போகும், முப்பது வருஷத்து நல்ல பெயரும் கூடவே போகும்.

அதற்குப் பிறகு பெல் வீட்டு வாசலில் செருப்புக்குப் பஞ்சமில்லை. சூளைக்காரர் ஆட்கள் சொன்னார்கள்: "கடிகாரம் அன்னைக்கு வேகமா ஓடிருச்சுன்னு எழுதிக் கொடுங்கண்ணே. வாக்கெடுப்பு செல்லாதுன்னு ஆயிரும். உங்களை நாங்க பாத்துக்கறோம்." அவர்கள் போனதும் அந்தம்மாவின் ஆட்கள் வந்தார்கள்: "கடிகாரத்தைத் தொடவே இல்லைன்னு எழுதுங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்."

"ரெண்டு பேரும் பாத்துக்கறாங்களாம்," என்றாள் மனைவி. "கடைசில நம்மளை யாரும் பாக்க மாட்டாங்க. நீங்க போய் அந்தம்மாவைப் பாருங்க."

மருந்துக்கடையில் கூட்டம் இல்லை. மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்கண்ணே. ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். ஏன் திருப்புனீங்க?"

மூன்று நாளாக ஊரே யாருக்காக என்று கேட்டது. ஏன் என்று கேட்டது இந்த ஒரு ஆள்தான். பெல் பஸ்ஸிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார். "வந்த அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்லம்மா, கடிகாரம் சரியான்னு. நான் பொய் சொன்னேன்."

அந்தம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "நானா? அப்படியா கேட்டேன்? சத்தியமா ஞாபகமே இல்லையேண்ணே."

பெல் அசடு வழிய நின்றார். இரண்டு வருஷத்துத் தூக்கம்! அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள். பிறகு அந்தம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"நீங்க எனக்காகப் பண்ணலைன்னா, அந்த நாற்காலி எனக்கு எப்படிண்ணே சொந்தமாகும்? எதிர்ல ஆளு இருந்து ஜெயிக்கணும். வெறும் நாற்காலியை ஜெயிச்சு என்ன பண்ண?"

அன்று மாலையே பெல் விளக்கத்தை எழுதினார். முழுப் பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தார், மூன்று வரிதான் வந்தது. ‘அன்றைக்குக் கடிகாரம் சரி. அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருஷம்தான் தப்பு. அந்தத் தப்பு என்னுடையது.’ கீழே, பதிவேட்டில் மட்டும் இருக்கிற தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார்.

எதிராளி தீர்மானம் கொண்டுவரத்தான் ஒரு வருஷத் தடை. தலைவரே தன்மேல் நம்பிக்கை உண்டா என்று மன்றத்தைக் கேட்கத் தடை இல்லை. மருந்துக்கடைக்காரம்மா கேட்டார். அடுத்த கூட்டத்தன்று பத்து மணிக்கே பதினைந்து பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்; ஊர் வரலாற்றில் அது ஒரு அதிசயம். பெல் பதினொன்றுக்கு மணி அடித்தார். ஏழுக்கு எட்டு. அந்தம்மா தோற்றார். கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். பெல்லுக்கு அழுகை முட்டியது. மணியை இன்னொரு தரம் துடைத்தார், ஏற்கெனவே துடைத்ததுதான்.

ஒன்பதாவது தலைவராகச் சூளைக்காரர் வந்தார். மாலை, கைதட்டல், எல்லாம் முடிந்து அறை காலியானது. மேஜையில் ஒரே ஒரு காகிதம் இருந்தது, பெல்லின் விளக்கம். இனி அதன்மேல் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். பெல் தண்ணீர் டம்ளரோடு உள்ளே போனார். இத்தனை வருஷம் ஆர்வத்தோடு பார்த்த அந்த முதல் நிமிஷத்தை, அன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

சூளைக்காரர் காகிதத்தைப் படித்தார். மூன்று வரிக்கு அவ்வளவு நேரம் எடுத்தார். நிமிர்ந்து அரங்கத்துச் சுவரைப் பார்த்தார். பெல்லைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சின்னத் திருகை வெளியே இழுத்து, சுவரைப் பார்த்துப் பார்த்து முள்ளை ஏழு நிமிஷம் முன்னால் தள்ளினார். மறுபடி கட்டிக்கொண்டு, காகிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டு மூடினார்.

"திங்கக்கிழமை மறக்காம சாவி குடு," என்றார்.