உட்கார்ந்தால்தான் முட்டை

இலங்கையில் என் வீட்டுக்காரர் துரை பங்களாவில் சமையல்காரர். நாங்கள் கப்பலேறி வந்து கோத்தகிரிப் பக்கம் தோட்டத்தில் சேர்ந்தபோது, இங்கே பங்களாவுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. அவருக்கு ஃபேக்டரியில் ராக்காவல், எனக்குக் கொழுந்து பறிக்கிற வேலை.

விடிந்ததும் வந்து காலைச் சமையலைப் பிடுங்கிக்கொள்வார். கேட்டவர்கள் கொடுத்து வைத்தவள் என்பார்கள். பட்டவளுக்கல்லவா தெரியும்.

லயத்து வரிசை வீடுகளில் முட்டை என்றால் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு முறுகப் பொரிப்போம். இவர் விறகை வெளியே இழுத்து, வெறும் தணலில் சட்டியை வைத்து, பாலாடை போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார். தூக்குவார், வைப்பார். குழைவாக வரவேண்டுமாம். அதுவாவது போகட்டும். சாப்பிடுகிற ஆள் உட்கார்ந்த பிறகுதான் இறக்குவார். பங்களாவில் துரை நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டுத்தான் இறக்குவார்களாம்.

நான் எங்கே உட்காருவது? தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைக்குச் சடை பின்ன வேண்டும், இடுப்பில் சாக்குக் கட்ட வேண்டும். நான் வருவதற்குள் முட்டை சட்டியிலேயே கிடந்து திரிந்து தண்ணீர் விட்டுவிடும். அதற்கும் நான்தான் காரணம்.

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு இப்படியே பிந்திப் போய், இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை பிந்தினால் நிரந்தர வேலைக்கு உன் பேர் போகாது என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொன்னார். முட்டையால் பிந்தினேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் மழை. சங்கு ஊதிவிட்டது. இவர் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“உக்காரு புள்ள.”

“ஏலாதுங்க. சங்கு ஊதிட்டாங்க.”

“செத்த நேரம் உக்காந்தா மலை சரிஞ்சிருமா?”

“என் வேலை போயிருங்க!”

“உக்காராம எப்புடி எறக்குறது?” என்று சட்டியை மறுபடி தணலில் வைத்தார்.

துரையையும் அவர் நாற்காலியையும் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தோம். இந்தப் பழக்கத்தை மட்டும் ஏன்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாரோ! எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ, சட்டியைப் பிடுங்கினேன். வெந்தும் வேகாமலும் கிடந்ததைக் அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த சூடான ரொட்டிக்குள் கொட்டிச் சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

என் பேரைக் கூப்பிடவும் நான் போய் நிற்கவும் சரியாக இருந்தது.

“ஏனம்மிணி, இன்னைக்கு உங்கூட்டுல அடுப்பே பத்த வெக்கலயாட்ட இருக்குது?” என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேர் தப்பியது, அது போதும்.

மலை ஏறும்போது ரொட்டியைப் பிரித்தேன். அந்தச் சூட்டிலேயே முட்டை பதமாக வெந்து வெண்ணெய் மாதிரி இருந்தது. நம் வீட்டுச் சட்டியில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

சாயந்தரம் மனசு கேட்காமல், “முட்டை நல்லாத்தாங்க இருந்துச்சு” என்றேன்.

“உக்காந்து சாப்புட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றார்.