பள்ளக் காணியும் பதினேழு படிகளும்

செவ்வாய்க்கிழமை மாலை லா ஷப்பலில் நம் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

கடையில் முருங்கைக்காய் இல்லையா? இருந்தது... நிலவறையில். நம்மவர்கள் ‘காவ்’ என்று சொல்லும் அந்த இருட்டுக்குள் இறங்கப் பதினேழு படிகள். கடைக்காரர் நேசன் அண்ணைக்கு அறுபத்தொரு வயது. இருபத்தைந்து வருடமாக அரிசி மூட்டையும் தேங்காய்ப் பெட்டியும் தூக்கி, முழங்கால் இரண்டும் போய்விட்டன. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் இறங்குகிறார்.

அதனால்தான் புறநகரான வில்லியே லே பெல்லுக்கு அப்பால், வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு காணி வாங்கினார். நம் கணக்கில் பன்னிரண்டு பரப்பு, முக்கால் ஏக்கர். அதில் ஒரு களஞ்சியம் கட்டுவது, மொத்த வியாபாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ரூ காய் கடையை விட்டுவிடுவது – இதுதான் திட்டம். லொறி வாசல் வரை வரும். படி என்ற பேச்சே இல்லை.

கட்டட அனுமதி கேட்டபோது நகரசபை ஒரு கடிதம் போட்டது. காணி ஈரநிலமா இல்லையா என்று முதலில் ஒரு நிபுணர் பார்த்துச் சொல்லவேண்டுமாம். ஈரநிலம் என்றால் லேசில் கட்டவிடமாட்டார்களாம். பிரெஞ்சுக் கடிதம் என்றால் எங்கள் வட்டாரத்தில் யாரிடம் வரும்? இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், என்னிடம்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, மொழிபெயர்க்க அண்ணையோடு காணிக்குப் போனேன்.

நிபுணரின் பெயர் க்ளேர். இளம்பெண். ரப்பர் பூட்ஸ், கையில் மண்ணைத் துளைக்கும் நீளமான இரும்புத் திருகு. செப்டம்பர் மாதம், மழையே இல்லாத கோடை முடிந்திருந்தது. ரோட்டோரமாக மூன்று இடத்தில் துளைத்தார். காய்ந்த மண். சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித் திருகைத் துடைக்கத் தொடங்கினார்.

அண்ணைக்குப் பொறுக்கவில்லை. தன் காணியை ஒருத்தி ‘காய்ந்த காணி’ என்று எழுதிக்கொண்டு போவதா? யாழ்ப்பாணத்தார் நாங்கள் காணி வாங்கும்போது முதலில் என்ன கேட்போம்? தண்ணீர் எப்படி என்றுதானே.

“தம்பி, உவவுக்குச் சொல்லும்,” என்றார் க்ளேரைக் காட்டி. “அந்தப் பள்ளத்து மூலையிலை ஒருக்காத் தோண்டிப் பாக்கட்டும். எந்தக் கோடையிலையும் தண்ணி வத்தாது. ஒரு முழம் தோண்டினாக் காணும்.”

நான் என்ன செய்திருக்கவேண்டும்? இருமியிருக்கலாம். வெயிலைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். நானோ நல்ல பிரெஞ்சில், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

க்ளேர் மூலைக்குப் போய்த் துளைத்தார். சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தது போலப் பொட்டுப் பொட்டாக வந்தது. நெடுநாள் தண்ணீர் நிற்கும் மண்ணுக்கு அதுதான் அடையாளமாம். சற்று நேரத்தில் குழிக்குள் தண்ணீரும் ஊறியது. அண்ணை என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். க்ளேர் அங்கிருந்து சுற்றிச் சுற்றித் துளைத்துக்கொண்டே போனார்.

அறிக்கை வந்தது. காணியில் முக்கால்வாசி ஈரநிலம். மிஞ்சிய துண்டில் ஒரு லொறிகூடத் திரும்ப முடியாது.

அந்த நிலம் என்னென்ன வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. மழைவெள்ளத்தைப் பிடித்து வைக்கிறது. வயலிலிருந்து வரும் உரத்தண்ணீரை வடிகட்டுகிறது. தவளைக்கு வீடு கொடுக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மதிப்பீடு.

கட்டவே முடியாதா? முடியும்... ஈடு செய்தால். வேறொரு இடத்தில் கெட்டுப்போன ஈரநிலத்தைத் திருத்தி, இது செய்த அதே வேலைகளைச் செய்யவைக்கவேண்டும். முப்பது வருடம் பராமரிக்கவேண்டும். சில இடங்களில் இப்படி நிலத்தைத் திருத்தி வைத்திருப்பவர்கள் அதைக் கிரெடிட்டாகப் பிரித்து விற்கிறார்கள். கட்டுகிறவர் தனக்கு வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதுவும் அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் விற்பவர் யாருமில்லை என்று க்ளேர் சொன்னார்.

அண்ணை கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“வன்னியிலை எனக்கு ஒரு வயல் கிடக்கு. மாரியிலை முழுக்கத் தண்ணி. அதை இதுக்கு ஈடாக் காட்டேலாதோ?”

இதையும் மொழிபெயர்த்தேன். க்ளேர் சிரிக்கவில்லை. தூரம் கூடிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. இழப்புக்கான ஈட்டை அதே ஆற்றுக்குப் பக்கத்திலேயே கொடுக்கவேண்டும் என்று தவளைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஊரை இழந்து வந்து லா ஷப்பலில் குடியேறி வாழும் எனக்குத் தவளை மீது பொறாமையாக இருந்தது. சட்டம் பிழை என்று சொல்லவில்லை. நல்ல சட்டம். அதுதான் இன்னும் களைப்பாக இருக்கிறது... யாரைத் திட்டுவது?

முப்பது வருடம் பராமரித்தால் தனக்குத் தொண்ணூற்றொன்று ஆகிவிடும் என்று அண்ணை விரலை மடக்கிப் பார்த்துச் சொன்னார். அனுமதிக் கோப்பை, இங்கே சொல்வதுபோல் தோசியேயை, மூடிவிட்டோம். காணி அப்படியே கிடக்கிறது. அந்த மூலையை க்ளேர் எப்படியும் கண்டுபிடித்திருப்பார் என்று மெத்ரோவில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முழுதாக நம்பமுடியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். போன வாரம் கொட்டிய மழை உங்களுக்கும் நினைவிருக்கும். காணிப் பக்கத்து ஊரான கார்ஜிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளரிடம் அண்ணை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். காணிக்குக் கீழே இருக்கும் ரோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லையாம்.

“அவ்வளவு தண்ணியையும் என்ரை காணி குடிச்சுப் போட்டுது,” என்றார். அதே பெருமை, அதே சிரிப்பு.

பிறகு என்னைப் பார்த்து, முருங்கைக்காய் கீழே இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று சுவரைப் பிடித்தார். வேண்டாம் அண்ணை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு முருங்கைக்காய்க் குழம்பு குறைந்தால், முழங்காலுக்கு, இறங்கி ஏற, முப்பத்து நான்கு படி கிரெடிட். என்னால் கொடுக்க முடிந்த ஈடு அவ்வளவுதான்.