முள்கிளுவையின் புண்

ராமுலு பிசினைக் கட்டைவிரல் நகத்தால் பாதிதான் சுரண்டுவார். மீதியை முள்கிளுவையிலேயே விட்டுவிடுவார். ஆட்டுக் கொம்பு உரசிய இடம், வண்டு துளைத்த இடம், காற்றில் கிளை முறிந்த இடம், எங்கே புண்ணோ அங்கே தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டிருக்கும். எடுத்ததை முகர்ந்து டப்பாவில் போட்டுக்கொண்டு, "வரட்டுங்களா?" என்று செடியிடம் விடைபெறுவார்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, அவருடைய மேய்ச்சல் காட்டைச் சுற்றி முள்கிளுவைதான் உயிர்வேலி. வீட்டில் பேசுவது தெலுங்கு. சண்டைக்கும் வேலிக்கும் மட்டும் தமிழ்.

"கடையில விக்கற குங்கிலியத்துக்கு இது பங்காளிங்க," என்பார் கேட்பவர்களிடம். "ஆனா நமக்குன்னு வெச்ச மருந்தில்லீங்க. அது தன் புண்ணுக்குப் போட்டுக்கிட்டது. முழுசா வழிச்சிப்போட்டா அது என்ன பண்ணுமுங்க?"

இதில் அவருக்கு அலுக்காத வியப்பு. வெட்டுப்பட்ட செடி தன்னை மூடிக்கொள்ளக் கசியவிட்டது, மனுஷி ஒருத்தியின் முழங்கால் வீக்கத்தையும் அறிந்திருக்கிறது. வேர்விட்டு நிற்பதற்கு முழங்காலைப் பற்றி என்ன தெரியும்? ஆடுகள் பட்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இதையே யோசித்தபடி வேலியோரம் நிற்பார்.

முழங்கால் அவர் மனைவி ரங்கநாயகியுடையது. பனிக்காலத்துக்கு முன் பிசினை விளக்கெண்ணெயில் இளக்கிப் பற்றுப் போட்டால்தான் அவளால் குந்தி உட்கார முடியும். தொண்ணூற்று நான்காம் வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்து, இருந்த பிசினையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. அப்போதுதான் கன்று ஈன்றிருந்த செவலை மாடு அவள் கைக்கு மட்டுமே நிற்கும். ராமுலு கறக்கப் போய் உதை வாங்கித் திரும்பினார். அதன் மடி கல்லாக இறுகிக்கொண்டிருந்தது.

மழை விட்ட காலையில் வேலி நெடுகத் தேடினார். கிளை பிளந்த ஓரிடத்தில் ஒரே ஒரு துளி. வழக்கம்போலப் பாதியை எடுத்தார். பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்த ரங்கநாயகி டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க பத்தும்? சுண்டுவிரலுக்கா?"

"மிச்சம் அதுக்கு வேணும் அம்மணி."

"சரி. அப்ப அதையே வந்து மாட்டைக் கறக்கச் சொல்லுங்க."

கட்டுத்தறியில் மாடு கத்தியது. ராமுலு செடியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். நகம் மறுபடி இறங்கியது. இம்முறை ஒன்றும் மிஞ்சவில்லை. பட்டைக்கு அடியில் பச்சையாக ஈரம் அரும்பியது.

டப்பாவை அவள் கையில் கொடுத்தார். "போய் எண்ணெயைக் காய வெய்யி."

"நீங்க வரலீங்களா?"

அவள் மெல்ல நொண்டி நடக்கத் தொடங்கியதும், அவர் முள்ளுக்குள் கையை விட்டு, வெட்டுக்காயத்தில் ரத்தத்தை நிறுத்துவதுபோல, அந்த ஈரத்தின்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றார்.